பதினோரு நாள் இருந்த வசனம்

அந்த அக்காவைப் பற்றி நான் பேச்சை எடுத்தால் போதும், என் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அண்ணி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடுவாள். போகட்டும். அவர்களுக்காக இத்தனை வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததே ஜாஸ்தி.

அவள் கடலூர் என்.டி. என்கிற புதுநகரில், ரயிலடிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு தியேட்டரில், பெண்கள் பக்கத்துக் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்தவள். நாங்கள் 'கேட்டுக்கார அக்கா' என்போம். பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று அவள் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்தே வருவாள். மீன்பிடிக் குடும்பம். நல்ல உயரம், வெயிலில் காய்ந்த கறுப்பு. உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. மூன்று காட்சியும் கறுப்புத் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பாள். படம் ஓடும்போது அவள் வாய் சத்தமில்லாமல் கூடவே அசையும். இரண்டாவது நாளுக்குள் எந்தப் படமானாலும் முழு வசனமும் அவளுக்குப் பாடமாகிவிடும். பள்ளிக்கூடப் படியேறாதவள். நானோ மஞ்சக்குப்பத்தில் டீச்சர், அதுவும் தமிழ் டீச்சர். நான்கு வரிச் செய்யுளை என் பிள்ளைகளிடம் தப்பில்லாமல் வாங்க ஒரு வாரம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்த வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு நான் ஓடிவருவதற்குள் படம் ஆரம்பித்திருக்கும். அவள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொல்வாள், "டீச்சர், ரெண்டு பேச்சு போயிடுச்சு. அப்பன்காரன் சொன்னான், 'இந்த வீட்டு வாசப்படியை இனி மிதிக்காதே.' மவன் சொன்னான், 'மிதிக்க மாட்டேன், ஆனால் மறக்கவும் மாட்டேன்.' அப்பறம் அந்தப் பொண்ணு அழுதுச்சு. பேசல."

மளிகைச் சாமான் லிஸ்டு ஒப்பிக்கிற மாதிரிதான் சொல்வாள். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது, ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

"அப்பன் கெட்டவனா அக்கா?" என்று கேட்டால், "அது எனக்குத் தெரியாது. அவன் சொன்னது இதான்" என்பாள்.

இந்தக் குணம் மேனேஜருக்கு ஆகவே ஆகாது. கூட்டம் நிரம்பி வழியும் ஞாயிற்றுக்கிழமைகளில், "உள்ள தாராளமா இடம் இருக்குன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் வரிசையைப் பார்த்து, "இன்னும் மூணு பேருக்கு இடம் இருக்கு. நாலாவது ஆளு தூணுக்குப் பின்னால உக்காரணும், பாதிப் படம்தான் தெரியும்" என்பாள். அவர் பல்லைக் கடிப்பது வெளியே கேட்கும்.

எல்லாச் சமயத்திலும் எனக்கு அவளைப் பிடித்தது என்று சொன்னால் பொய். ஒரு நாள் இடைவேளையில் ஒரு மருமகள் பக்கத்திலிருந்தவளிடம் தன் மாமியாரைப் பற்றி ஏதோ வயிறெரிந்து பேசியிருக்கிறாள். மாமியார்க்காரிக்குச் சந்தேகம். படம் முடிந்ததும் நேரே கேட்டுக்கு வந்து, "என்னப் பத்தி என்னா சொன்னா?" என்று கேட்டாள். இவள் அப்படியே, எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்குப் போகும் வழியிலேயே அடி விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணும் சொல்லலன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்தா போயிடும்?" என்று சண்டை போட்டேன்.

"கேக்காம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன் டீச்சர். கேட்டுட்டாங்களே" என்றாள்.

பதினைந்து நாள் அவளுடன் பேசவில்லை. அன்றைக்கு அவள் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். நடிகர் பெயரும் வேண்டாம், அதற்கும் ஒரு கூட்டம் கிளம்பி வரும். கதாநாயகன் தன் தங்கை மேல் திருட்டுப் பழி போட்டு வீட்டை விட்டுத் துரத்துவான். கடைசியில் உண்மை தெரிந்து அவள் குடிசைக்குப் போவான். முகம் திரை முழுக்க வரும். நிதானமாகச் சொல்வான்: "தப்புப் பண்ணினவன் நான், தங்கச்சி. தலை குனிய வேண்டியவனும் நான்தான்." முதல் நாள் முன்பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டேன். முந்தானையால் மூக்கைச் சிந்தினேன். திரும்பிப் பார்த்தால் கதவோரம் அக்காவின் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

ஆண்கள் பக்கம் ஒரு பயல் காதிலும் அது விழவில்லை. எப்படி விழும்? அவர்கள் ஆளின் முகம் பெரிதாக வந்தால் போதும், விசில், கூச்சல், பூவை அள்ளி வீசுவது, பெஞ்சைத் தட்டுவது. நடுவில் தட்டி கட்டிப் பிரித்திருந்த கொட்டகை அது. நாங்கள் ஒலிபெருக்கி ஓரம் இருந்ததால் தப்பித்தோம். தங்கள் ஆள் பேசியதைத் தாங்களே கேட்காமல் விசிலடித்த கூட்டத்துக்குத் தலைவன் யார் தெரியுமா? என் அண்ணன்தான். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. மாலை ஆனால் ரசிகர் மன்றச் செயலாளர்.

பன்னிரண்டாம் நாள் அவன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். தியேட்டர் ஆபரேட்டர் அவனுக்குச் சிநேகிதன். இவன் போய், "மச்சான், கடைசி ரீல்ல எங்க ஆளு மூஞ்சி பெருசா வருதே, அதுல கொஞ்சம் வெட்டிக் குடு, மன்றத்துக்காரங்க ஆசப்படுறாங்க" என்று கேட்டிருக்கிறான். அந்தப் புண்ணியவான் ஆறு முழம் பிலிமை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டிவிட்டார். கதம்பத்தை முழம் போட்டு நறுக்குகிற மாதிரி மன்றத்துப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு அரை முழம். அண்ணன் தன் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதிலிருந்து நாலு கட்டம் நறுக்கி எனக்கும் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். ஜன்னலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஓரத்தில் கோடு கோடாக ஓடியதைப் பார்த்தேன். அதுதான் சத்தம் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆபரேட்டருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் தன் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சிதம்பரம் போனான். கல்யாணம் திருவந்திபுரத்தில், வருகிற வெள்ளிக்கிழமை என்று நிச்சயமாகியிருந்தது. சிதம்பரம் கீழ வீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அந்த ஊர் மன்றத்துத் தலைவர். அங்கேயும் இந்தப் படம் ஓடி, அந்த வியாழக்கிழமையோடுதான் தூக்கியிருந்தார்கள். அவர் ஒரு கண்டிப்பான மனுஷன். ஆள் பேசும்போது எவனாவது விசிலடித்தால் முதுகில் ஒன்று வைப்பாராம். பேசி முடித்த பிறகுதான் விசில். அவர் அண்ணனைப் பார்த்ததும், "என்னா வசனம் மாமா அது! தலை குனிய வேண்டியவனும் நான்தான்னாரு பாருங்க, ஊரே அழுதுடுச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணன் சிரித்திருக்கிறான். "எங்க ஆளு தலை குனியறதா? உங்க ஊர்ல காது மந்தமா? அப்பிடி ஒரு வசனமே கிடையாது."

"இருக்கு."

"இல்ல. பாதி மீசை பந்தயம்."

வாய்க்கொழுப்பு! தோற்றவன் ஒரு பக்கத்து மீசையை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். ஒரு வாரத்தில் மணவறையில் உட்காரப்போகிறவன் வைக்கிற பந்தயமா இது?

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு சிதம்பரத்துக்காரர்கள் ஆறு பேர் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். அண்ணன் மன்றம் முழுவதும் ஆஜர். வேடிக்கை பார்க்க நானும் போனேன். கேட்டில் அக்கா என் டிக்கெட்டைக் கிழித்தாள். "கடைசி ரீலுக்கா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

சிதம்பரத்தார் சொன்னதால் அன்றைக்குக் கடைசி ரீலில் விசில் இல்லை. தங்கையின் குடிசை வந்தது. அவன் உள்ளே நுழைந்தான். முகம் வரப்போகிற இடத்தில் படம் படக்கென்று ஒரு தாண்டு தாண்டியது. தங்கை அவன் மார்பில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். வசனம் இல்லை. என் கைப்பைக்குள் கிடந்த நாலு கட்டம் சட்டென்று ஞாபகம் வந்தது. எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே முற்றத்தில் ஒரே கூச்சல். "எங்கடா வசனம்? கொண்டா மீசைய!" என்று எங்கள் பயல்கள் குதித்தார்கள். சைக்கிள் கடைக்காரர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "நான் என் காதால கேட்டேங்க. பதினாலு தடவ பாத்தேன்" என்றார். பாவம், அவருக்குத் திரும்பிப் போய்க் காட்டுவதற்கும் அங்கே படம் இல்லை. "மொத நாள்லருந்து இங்க படம் பாத்தவுங்க யாராச்சும் சொல்லட்டும். அவுங்க இல்லன்னு சொன்னா எடுத்துக்கறேன்" என்றார்.

எவனோ பெண்கள் கேட்டைக் காட்டினான். கேட்டுக்கார அக்காவைக் கேட்டால் போயிற்று, அவளை விட அதிகமாகப் பார்த்தவர் யார்?

அவள் கதவுத் திரையை விட்டு இரண்டடி வெளியே வந்தாள். சைக்கிள் கடைக்காரர் கேட்டார்: "அம்மா, அந்த வசனம் இருந்துதா, இல்லியா?"

"பதினோரு நாள் இருந்துச்சு. 'தப்புப் பண்ணினவன் நான், தங்கச்சி. தலை குனிய வேண்டியவனும் நான்தான்.' பன்னெண்டாம் நாள்லருந்து இல்ல. அந்த எடத்துல படம் தாண்டுது."

"ஏன் தாண்டுது?"

"அது எனக்குத் தெரியாது. தாண்டுது."

அண்ணன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனதை நான் பார்த்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணம் முடிந்ததும் மீசையை எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தச் சிதம்பரத்து மனுஷன் ஒத்துக்கொண்டிருப்பார். இவன் வாயே திறக்கவில்லை. அவனுக்குப் பதிலாக மேனேஜர் பாய்ந்துகொண்டு வந்தார். ரீலை வெட்டியது விநியோகஸ்தர் காதுக்குப் போனால் தியேட்டருக்கு அடுத்த படம் வராது, அந்தப் பயம்.

"இவ பேச்சக் கேட்டுக்கினு நிக்கிறீங்களே! மூணு காட்சியும் நின்னுக்கினே தூங்குறவ. வேற படத்து வசனத்தச் சேத்து வச்சிப் பேசுறா. குப்பத்துக்காரிக்கு இந்த நல்ல தமிழெல்லாம் காதுல எப்பிடி ஏறும்?"

குப்பத்துக்காரிக்காம்! தமிழ் என்ன இவர் அப்பன் வீட்டுச் சொத்தா? படம் பார்த்துவிட்டு வெளியே வந்த பெண்கள் இருபது பேராவது அங்கே நின்றார்கள். அதில் ஒருத்தி, "அப்பிடி ஏதோ சொன்ன மாதிரிதான்..." என்று ஆரம்பித்தாள். அவள் புருஷன் முறைத்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். மற்றவர்களும் கலைந்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்கா கோபப்படவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் பார்த்திருக்கவே கூடாது.

"டீச்சர் மொத நாள் முன்பெஞ்சுல இருந்தாங்க. டீச்சரக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டீச்சர் சொன்னால் முடிந்தது, அதற்கு மேல் பேச்சே இல்லை. மேனேஜர்கூட வாயை மூடிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் திருவந்திபுரம், மணவறை, பெண் வீட்டார், அவர்கள் சிரிக்கப்போகும் சிரிப்பு எல்லாம் இருந்தது. பாதி மீசையோடு மாப்பிள்ளை நின்றால் அம்மா அங்கேயே மயங்கி விழுவாள். இதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் என் தலைக்குள் ஓடியது இதுதான், வேறு ஒன்றும் ஓடவில்லை.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

தமிழ் டீச்சர்! என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

எங்கள் பயல்கள் விசிலடித்தார்கள். மேனேஜருக்குத் தெம்பு வந்துவிட்டது. "தப்பாக் கேட்டுட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. சொல்லிட்டு ஒழுங்கா வேலயப் பாரு. இல்லன்னா இன்னியோட நின்னுக்கோ" என்றார்.

அக்கா சற்று யோசித்தாள். வேலை வேண்டாம் என்கிற நிலையிலா அவள் இருந்தாள்? வீட்டில் நாலு வயிறு. அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. பிறகு, "கேட்டத கேக்கலன்னு எப்பிடிய்யா சொல்றது? எனக்கு வராதே" என்றாள். வீம்பாகச் சொல்லவில்லை. நீச்சல் வராது, சைக்கிள் விட வராது என்கிற மாதிரி உண்மையான வருத்தத்தோடு சொன்னாள். கையிலிருந்த பாதி டிக்கெட்டுகளை மேனேஜர் மேஜை மேல் வைத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு கடற்கரைப் பக்கம் நடந்தாள். அடுத்த காட்சிக்குப் பெண்கள் வரிசை அப்போதே நிற்க ஆரம்பித்திருந்தது.

டீச்சரும் கைவிட்ட பிறகு, சைக்கிள் கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எதிரே இருந்த சலூனில் உட்கார்ந்து ஒரு பக்கத்து மீசையை எடுத்துக்கொண்டார். மூடிக்கொள்ளத் துண்டு கொடுத்தார்கள், வாங்கவில்லை. "எனக்கு மயிருதான் போச்சு. அந்தம்மாவுக்குப் பொழப்பு போச்சே, பாவிங்களா" என்று எங்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறினார். உள்ளதைச் சொன்ன இரண்டு பேருக்கும் தண்டனை. வெட்டினவன், வெட்டச் சொன்னவன், பார்த்துக்கொண்டு நின்றவள் எல்லோரும் சௌக்கியம். நல்லா இருக்குடா நியாயம்!

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "நீதான வெட்டச் சொன்ன? போய்ச் சொல்லு மேனேஜர்கிட்ட" என்றேன்.

"ஆபரேட்டர் வேல போயிடும்டி" என்றான்.

"அக்கா வேல போயிடுச்சே?"

"அது கேட்டுல நிக்கிற வேலதானே. வேற எங்கயாச்சும் பாத்துக்கும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீ மட்டும் சொன்னியா?" என்றான்.

கல்யாணம் நடந்தது. முழு மீசை. போட்டோவில் முறுக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்பது நான்.

தியேட்டர் பக்கம் நான் போகவில்லை. தேவனாம்பட்டினத்துக்குப் போய் அவளைப் பார்க்க வேண்டும் என்று நாலு ஞாயிறு கிளம்பினேன். நாலு ஞாயிறும் ஏதாவது வேலை வந்தது. வந்ததா, நானாக வரவழைத்துக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். அப்படி இருக்கையில் ஒரு லீவு நாள் காலையில் எங்கள் தெருவிலேயே அவள் வந்தாள். தலையில் மீன் கூடை. எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான்தான் ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"அக்கா, அன்னிக்கு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் டீச்சர்" என்றாள். கூடையை இறக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க அக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்குள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், புது அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு டீச்சர். எதிர் வீட்டுக்குக் கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

நான் எங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள், கூடைக் கனத்தோடு. பிறகு, "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மீன் மீன் என்று குரல் கொடுத்துக்கொண்டு போனாள். அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.